சாட்சிக்கு ஒரு ஆள் வேண்டும்

ஜான்சி அந்தச் செய்தியைச் சொல்லத் தேர்ந்தெடுத்த நேரம் சரியில்லை. இரண்டாயிரத்து ஒன்பது ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மஸ்கட்டிலிருந்து நாற்பது நாள் லீவில் அவள் வந்து மூன்றாவது நாள். கடலூர் புதுப்பாளையம் வீட்டில் அம்மா ஆரோக்கியம்மாள் இட்லித் தட்டை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள். தம்பி சார்லஸ் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தான். அவன் மனைவி மாலதி சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

"இந்த லீவுல ஒரு உயில் எழுதிடலாம்னு இருக்கன்" என்றாள் ஜான்சி.

இட்லித் தட்டு தரையில் விழுந்தது. சார்லஸின் விசில் தானாக ஊதியது. கடுகு கருகியது.

"உனுக்கு என்னாடி ஆச்சு?" என்றாள் அம்மா.

"ஒண்ணும் ஆவலம்மா. சும்மா எழுதி வச்சிடலாம்னு."

"சும்மா யாராச்சும் உயில் எழுதுவாங்களா? முப்பத்தொம்போது வயசுல? உண்மைய சொல்லு. எந்த எடத்துல கட்டி?"

அன்று சாயங்காலத்துக்குள் ஜான்சிக்கு மூன்று வியாதிகள் வந்துவிட்டன. அம்மாவின் கணக்குப்படி வயிற்றில் கட்டி. பக்கத்து வீட்டு ரத்தினம்மாளின் கணக்குப்படி மூளையில். சார்லஸ் படித்தவன் என்பதால் ரத்தத்தில் ஏதோ என்று சொன்னான். ஜான்சி பெட்டியைத் திறந்து, கம்பெனி எடுத்த மெடிக்கல் ரிப்போர்ட்டை நீட்டினாள். சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை, கண்பார்வைகூட முழுசு.

"டாக்டருங்க நோயாளிகிட்ட உண்மைய சொல்ல மாட்டாங்க" என்றாள் அம்மா.

"அம்மா, நான் நர்சு. நோயாளிகிட்ட பொய் சொல்றதே எங்க வேல."

"பாத்தியா, பொய்னு அவளே ஒத்துக்கிட்டா!" என்று அம்மா அழ ஆரம்பித்தாள். வேளாங்கண்ணிக்கு நடந்து வருவதாக அந்த நிமிஷமே வேண்டிக்கொண்டாள். மாலதி தன் பங்குக்குத் திருவதிகையில் இருக்கும் அவள் அம்மா பட்டம்மாளுக்குப் போன் போட்டாள். பட்டம்மாள் மறுநாளே வீரட்டானேஸ்வரர் கோயிலுக்குப் போய் அர்ச்சனைத் தட்டை நீட்டி, "பேரு ஜான்சி" என்றாள். நட்சத்திரம் என்ன என்று குருக்கள் கேட்டார். "நட்சத்திரம் தெரியாதுங்க. நர்சு" என்றாள் பட்டம்மாள். சாமி பேருக்கே அர்ச்சனை நடந்தது.

உண்மையில் ஜான்சிக்கு உயில் யோசனை வந்தது சோசம்மாவால்.

சோசம்மா கோட்டயத்துக்காரி. மஸ்கட்டில் ஏழு வருஷம் இருவருக்கும் ஒரே அறை. ஜான்சியைப் போலவே கல்யாணம் ஆகாதவள். போன வருஷம் ஒருநாள் டூட்டி முடிந்து வந்து, ஷூவைக் கழற்றக் குனிந்தவள் நிமிரவில்லை. நாற்பத்து நாலு வயது. உடம்பை ஊருக்கு அனுப்பவே பதினெட்டு நாள் ஆனது. யார் வாங்கிக்கொள்வது என்று இரண்டு அண்ணன்களும் தனித்தனியாகக் கடிதம் அனுப்பினார்கள். 'என் வீடு தங்கச்சி மகள் லின்சிக்குத்தான்' என்று சோசம்மா நூறு தடவை சொல்லியிருக்கிறாள். ஜான்சி கேட்டிருக்கிறாள், அந்த மாடியில் இருந்த அத்தனை நர்சுகளும் கேட்டிருக்கிறார்கள். ஆனால் காகிதத்தில் எங்கும் இல்லை. லின்சிக்குக் கிடைத்தது ஒரு குடை. சோசம்மாவின் சூட்கேஸ் யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் ஒன்பது மாதம் கட்டிலுக்கடியில் கிடந்தது. ஜான்சி தினமும் அதைச் சுற்றிப் பெருக்கினாள். பெருக்கும்போதெல்லாம் தன் சூட்கேஸையும் ஒரு தரம் பார்த்துக்கொள்வாள்.

வீட்டில் இதைச் சொன்னால் அழுகை இன்னும் கூடும் என்று சொல்லாமலே, வியாழக்கிழமை தனியாகச் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினாள். அவள் நர்சிங் படித்த ஊர் அது. சம்பாதித்துக் கட்டிய வீடும் அங்கேதான், அண்ணாமலை நகர்ப் பக்கம். வீட்டுப் பத்திரத்தை எழுதிக் கொடுத்தவர் சபாபதி. கீரப்பாளையத்துக்காரர், சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரில் ஒரு கம்ப்யூட்டரும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டுப் பத்திரம் எழுதுகிறவர். காதில் எப்போதும் ஒரு பேனா இருக்கும். அதை எடுத்து எழுதி யாரும் பார்த்ததில்லை.

"ஒக்காருங்க சிஸ்டர். போன்ல சொன்ன உயில்தானே? ரொம்ப நல்ல காரியம்" என்றார் சபாபதி. செத்துப்போகப் போகிறாயா என்று கேட்காத முதல் மனிதர். ஜான்சிக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"கல்யாணம்?"

"ஆகல சார்."

"பிள்ளைங்க?"

"சார்!"

"கேக்கணும் சிஸ்டர், கோச்சிக்காதீங்க. அப்பா இருக்காரா?"

ஜான்சி யோசித்தாள். இருக்கிறாரா என்றால், இருக்கிறார். பண்ருட்டியில். அப்பா தங்கராசு லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். அவளுக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது ஒருநாள், "ஸ்டெப்னிக்குப் பஞ்சர் போட்டுட்டு வந்துடறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பஞ்சர் போட இருபத்து நாலு வருஷம் ஆகிக்கொண்டிருக்கிறது. பண்ருட்டியில் முந்திரிக்கொட்டை உடைக்கிற ஷெட் வைத்திருக்கும் தைலம்மாள் என்பவளோடு இருக்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும். அம்மா அவர் பெயரை வாயால் சொல்வதில்லை. 'அந்தாளு' என்பாள், அதுவும் யாராவது கட்டாயப்படுத்தினால்.

"இருக்காரு சார். ஆனா இல்ல."

"உசுரோட இருக்காருல்ல? அப்ப கேளுங்க." சபாபதி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "உங்க கிறிஸ்டியன் ஆளுங்களுக்கு வாரிசுச் சட்டம் வேற. நீங்க கல்யாணம் ஆவாம, பிள்ள இல்லாம, உயிலும் எழுதாம போய்ட்டீங்கன்னு வைங்க. அப்பா உசுரோட இருந்தா மொத்தமும் அப்பாவுக்குத்தான். அம்மாவுக்கு ஒரு செங்கல்லு கூட கெடையாது. தம்பிக்கும் கெடையாது."

ஜான்சி சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் மரியாதையாகத்தான் சிரித்தாள். பிறகு அடக்க முடியாமல் மேஜையைத் தட்டிச் சிரித்தாள். பதினாலு வருஷ நைட் டூட்டி, வளைகுடா வெயில், வீங்கின கால், பல்லைக் கடித்துச் சேர்த்த வீடு, நகை, பாங்கில் போட்டது எல்லாம் சேர்ந்து ஊர்வலமாகக் கிளம்பிப் பண்ருட்டி முந்திரி ஷெட்டுக்குள் நுழைவது அவள் கண்ணில் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எதிர் நாற்காலியில் காத்திருந்த, அடமானப் பத்திரத்துக்கு வந்த ஒரு பெரியவர், காரணம் தெரியாமலே கூடச் சிரித்தார்.

"எழுதுங்க சார்" என்றாள் மூச்சு வாங்க. "இப்பவே எழுதுங்க."

எழுத ஆரம்பித்த பிறகுதான் அது எவ்வளவு சந்தோஷமான வேலை என்று அவளுக்குத் தெரிந்தது. வீட்டில் குடியிருக்கிற உரிமையும் வாடகையும் அம்மா உள்ளவரை அம்மாவுக்கு. அதற்கப்புறம் வீடு சார்லஸின் மகள் இளவரசிக்கு. பாங்கில் இருப்பது சார்லசுக்கும் அம்மாவுக்கும். நெக்லஸ் மாலதிக்கு. அத்தோடு விட்டாளா? ரத்தினம்மாளுக்கு வெட் கிரைண்டர். கோயில் பாடற்குழுவுக்குக் கீபோர்டு. சென்ட் பாட்டில்கள் மஸ்கட் அறைத் தோழிகளுக்கு, ஆளுக்கொன்று.

"சிஸ்டர், இது உயிலா, சீர்வரிசைத் தட்டா?" என்றார் சபாபதி. "அந்த ஊரு பாங்குல இருக்கறதுக்கும் உங்க ஆஸ்பத்திரி கணக்குக்கும் அங்கயே ஃபாரம் குடுத்து ஆளு பேரு எழுதி வச்சிடுங்க. அத இதுல மட்டும் எழுதுனா பத்தாது. சரி, சாட்சிக்கு யாரு?"

"யாராச்சும் போடலாமில்ல?"

"ரெண்டு பேரு வேணும். ஒண்ணு நான் போடறன். இன்னொண்ணு உங்கள சின்ன வயசுலேர்ந்து தெரிஞ்ச ஆளா இருக்கணும். நீங்க வெளிநாட்டுல இருக்கறவங்க. கையெழுத்துக்குத் தெருவுல ஆளப் புடிச்சா நாளைக்குக் கோர்ட்டுல 'இந்தம்மா யாருன்னே தெரியாது'ன்னுடுவான். அப்புறம் இன்னொண்ணு. சாட்சி போடறவங்களுக்கு உயில்ல எதுவும் எழுதக் கூடாது. எழுதுனா செல்லாது."

"ஒரு கையெழுத்துதானே சார். ஆயிரம் பேரு இருக்காங்க" என்று சொல்லிவிட்டு ஜான்சி சந்தோஷமாகக் கடலூர் பஸ் ஏறினாள்.

முதலில் சார்லசைக் கேட்டாள்.

"போடறன்க்கா. இதுல என்னா இருக்கு" என்று பேனாவை எடுத்தவன் நின்றான். "ஏங்க்கா, சாட்சி போட்டா எனக்கு அதுல ஒண்ணும் கெடையாதா?"

"கெடையாது."

சார்லஸ் பேனாவை மூடினான். "நான் தம்பி இல்லியா? தம்பி போட்டா ஊரு என்னா பேசும்? வேற யாராச்சும் வெளியாள் போட்டா கௌரவமா இருக்கும்."

ரத்தினம்மாளுக்குக் கை நடுக்கமாம். அன்று காலையில்தான் கேஸ் சிலிண்டர்க்காரனிடம் கம்பீரமாகக் கையெழுத்துப் போட்டதை ஜான்சி பார்த்திருந்தாள். பெரியப்பா மகன் அன்புமணி, ஊரில் யார் மனு எழுதினாலும் முதல் கையெழுத்து அவனுடையது. அவன், "ஜான்சி, நான் நாளைக்கு வெளியூர் போறன்" என்றான். "எப்ப வருவ?" என்றாள். "நீ எப்ப போற?" என்றான். பாடற்குழுவை நடத்தும் சவரியம்மாள் அக்கா மட்டும் நேராகக் கேட்டாள்: "கோயிலுக்கு ஏதாச்சும் எழுதியிருக்கியாடி? அத மொதல்ல சொல்லு. அப்புறம் கையெழுத்தப் பத்திப் பேசலாம்."

விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. சாட்சி போட்டவனுக்கு ஒன்றும் கிடையாது. ஆகவே சாட்சி போடாத எல்லாருக்கும் ஏதோ ஒன்று இருக்கலாம். புதுப்பாளையத்தில் ஜான்சியைத் தெரிந்த ஒருவரும் அந்த வாய்ப்பைக் கெடுத்துக்கொள்ளத் தயாராக இல்லை. அதற்குப் பதில் சாப்பாடு வந்தது. ரத்தினம்மாள் வீட்டிலிருந்து இறால் தொக்கு. அன்புமணி தேவனாம்பட்டினத்தில் படகு கரை ஏறும்போதே போய் வஞ்சிரம் வாங்கிவந்து கொடுத்தான், வெளியூரிலிருந்து. மாலதி மதியம் அதை வறுத்தாள், ராத்திரி குழம்பு வைத்தாள்.

"மாலதி, எதுக்கு இவ்ளோ செய்யற?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள் ஜான்சி.

மாலதி கரண்டியைக் கீழே வைத்தாள். "அண்ணி, மத்தவங்கள வுடுங்க. நீங்க செத்துடுவீங்கன்னு எனக்கு நெஜமாவே பயமா இருக்கு. என் கல்யாணத்துக்கு எங்க வீட்ல யாரும் வரல. நீங்கதான் மஸ்கட்லேர்ந்து பொடவ அனுப்புனீங்க." சொல்லிவிட்டு இன்னும் இரண்டு துண்டு மீனைத் தட்டில் வைத்தாள்.

ஜான்சி அதையும் சாப்பிட்டாள். யார் பாசத்துக்காகச் செய்கிறார்கள், யார் கிரைண்டருக்காகச் செய்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்க முயன்று, அது நடக்காது என்று விட்டுவிட்டாள். ரத்தினம்மாளின் இறால் தொக்கில் இரண்டும் சம அளவில் இருந்தன. பத்து நாளில் அவள் எடை மூன்று கிலோ ஏறியது. "நோயாளி ஒடம்பு ஊதுது" என்றாள் அம்மா.

பதினோராம் நாள் வாசலில் ஆட்டோ நின்றது. அதிலிருந்து முதலில் ஒரு பலாப்பழம் இறங்கியது. பெரிய பழம், ஆறு மாதக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி அதை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு ஆள் பின்னால் இறங்கினார். தலை முழுக்க நரை. ஜான்சிக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் அவளைப் பார்த்தார். குண்டாக, கன்னம் பளபளக்க, கையில் தேங்காய் பர்பியோடு நின்றாள்.

"ஜான்சி எங்கம்மா?" என்றார் அவளிடமே. "ரொம்ப முடியலன்னு சொன்னாங்களே. படுத்திருக்குதா?"

திருவதிகையில் பட்டம்மாள் செய்த அர்ச்சனை பண்ருட்டிவரை போயிருந்தது.

"நான்தான் நைனா" என்றாள் ஜான்சி, அப்பாவின் குரலை அடையாளம் கண்டு. அந்த வார்த்தை வாயிலிருந்து வந்ததும் அவளுக்கே திகைப்பாக இருந்தது.

தங்கராசு அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பலாப்பழத்தைக் கீழே வைக்கவும் தோன்றாமல், அதன் மேலேயே முகத்தை வைத்து அழுதார். முள் குத்தியிருக்கும்.

அம்மா வாசலுக்கு வந்தாள். இருபத்து நாலு வருஷம் கழித்து அம்மா அவரிடம் பேசிய முதல் வார்த்தையை ஜான்சி பிறகு பலருக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

"பழம் பழுக்கவே இல்ல" என்றாள் அம்மா.

"நாளைக்குப் பழுத்துடும் ஆரோக்கியம். தைலம்மாதான் பாத்துப் பறிச்சிக் குடுத்துச்சு."

அவ்வளவுதான். அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அரை நிமிஷத்தில் கதவு திறந்தது. ஒரு கை நீண்டது. பழம் மட்டும் உள்ளே போனது. கதவு மறுபடி சாத்தியது.

ஜான்சி அவரைத் தெருமுனை டீக்கடைக்கு அழைத்துப் போனாள். வியாதி ஒன்றும் இல்லை என்று விளக்கினாள். உயில் கதையைச் சொன்னாள். யாரும் சாட்சி போட மாட்டேன் என்கிறார்கள் என்றும் சொன்னாள். தான் உயில் எழுதாவிட்டால் சட்டப்படி எல்லாம் அவருக்குத்தான் என்பதை மறைக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு அதையும் சொல்லிவிட்டாள்.

தங்கராசு டீ கிளாசைக் கீழே வைத்தார். "எனக்கா? எனக்கு எதுக்கு?"

"சட்டம் அப்படித்தானாம்."

"எந்த மடையன் எழுதுனான் அந்தச் சட்டத்த?" அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. "உன்ன வளத்தது அவ. நான் உனக்கு ஒரு ரிப்பன் வாங்கிக் குடுத்தது இல்ல. கையெழுத்து எங்க போடணும், சொல்லு. நான் போடறன்."

"சாட்சி போட்டா ஒண்ணும் கெடைக்காது நைனா."

"அதான் வேணும் எனக்கு."

ஜான்சி உடனே சபாபதிக்குப் போன் செய்தாள். கேட்டதும் சபாபதியின் குரல் உயர்ந்தது. "சிஸ்டர்! நாளைக்கு இந்த உயில எதிர்த்துக் கேஸ் போடக்கூடிய ஒரே ஆளே சாட்சிக் கையெழுத்துப் போடறாரா? இதவிட ஜாஸ்தி பூட்டு எந்தக் கடையிலயும் கெடைக்காது. வயசானவர்தான், பரவால்ல. சாட்சியோட சம்சாரத்துக்கும் எழுதக் கூடாது, அதனால அம்மாவுக்குன்னு போட்டத தம்பி பேருக்கு மாத்தி, அம்மாவ வச்சிக் காப்பாத்தணும்னு எழுதிடறன். கூட்டிட்டு வாங்க, திங்கக்கெழம!"

திங்கட்கிழமை காலை கிளம்பும்போது, அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "அந்தாள நம்பி உன்னத் தனியா அனுப்ப மாட்டன். வழியில எங்கனா பஞ்சர் போட எறங்கிடுவான்."

மூன்று பேரும் சிதம்பரம் பஸ்ஸில் ஏறினார்கள். அம்மா டிரைவருக்குப் பின்னால், முதல் சீட்டில். அப்பா கடைசி சீட்டில். ஜான்சி நடுவில். ஆலப்பாக்கம் தாண்டியதும் அம்மா திரும்பி, "சாப்ட்டாரான்னு கேளு" என்றாள். ஜான்சி பின்னால் திரும்பிக் கேட்டாள். "ஆச்சுன்னு சொல்லு" என்றார் அப்பா. புதுச்சத்திரத்தில் "தண்ணி வேணுமான்னு கேளு." பஸ்ஸில் பாட்டு அலறியது. பி.முட்லூர் வருவதற்குள் பஸ் முழுக்க அந்தக் குடும்பத்தின் கதை பாதி தெரிந்துவிட்டது; கண்டக்டர் தானாகவே தண்ணீர் பாட்டிலை வாங்கிப் பின்னால் கொண்டுபோய்க் கொடுத்தார்.

சபாபதி உயிலைச் சத்தமாக வாசித்தார். தான் எந்த நாட்டில் இறந்தாலும் உடலைக் கடலூருக்குக் கொண்டுவந்து அம்மாவின் பக்கத்தில் அடக்கம் செய்ய வேண்டும் என்ற வரி வந்ததும், அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"எனக்குப் பக்கத்துல எடம் இருக்குது. நீ அவசரப்படாத" என்றாள் அம்மா மெதுவாக.

"இன்னொரு பக்கம்?" என்று கேட்டுவிட்டார் தங்கராசு.

"நீ பண்ருட்டில படு."

ஜான்சிக்குச் சிரிப்பு பீறிட்டது. சபாபதி இருமுவது போல வாயை மூடிக்கொண்டார். தங்கராசு, "சரி, சரி" என்று தலையை ஆட்டினார். அவர் கண்ணிலும் சிரிப்பு இருந்தது.

கையெழுத்துப் போடும் நேரம் ஒரு சிக்கல். தங்கராசு காகிதத்தைக் கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தார், இரண்டு முழம் தள்ளிப் பிடித்தார். எங்கே போடுவது என்று தெரியவில்லை. லாரி ஓட்டுவதை விட்டதே கண்ணால்தான் என்றார். ஜான்சி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலவீதிக் கண்ணாடிக் கடைக்குப் போனாள். பத்து நிமிஷத்தில் படிக்கிற கண்ணாடி ஒன்று வாங்கிப் போட்டுவிட்டாள். உயிலில் அவருக்கு எதுவும் எழுத முடியாது. கடையில் வாங்கிக் கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. கருப்பு பிரேம் வேண்டாம், தங்க நிற பிரேம் என்று அவளே தேர்ந்தெடுத்தாள்.

திரும்பி வந்தபோது அம்மா சபாபதியின் எதிரில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். முகம் சிவந்திருந்தது.

"என்னாம்மா?"

"அம்மா ஒரு சந்தேகம் கேட்டாங்க சிஸ்டர்" என்றார் சபாபதி தர்மசங்கடமாக. "அவுங்க உயில் எழுதாம போனா என்னா ஆவும்னு. நான் சட்டத்தச் சொன்னேன். விவாகரத்து ஆகலயே? புருசனுக்கு மூணுல ஒரு பங்கு."

"என் சங்கிலியில மூணுல ஒரு பங்கு!" என்றாள் அம்மா. "அந்த முந்திரிக்கொட்டக்காரி கழுத்துல! யோவ் பத்திரக்காரரே, எனக்கும் ஒண்ணு எழுதுய்யா. இப்பவே எழுது."

எழுதினார்கள். அம்மாவிடம் இருந்தது ஒரு சங்கிலி, ஒரு கட்டில், ஒரு பித்தளை அண்டா, புதுப்பாளையம் வீட்டில் அவள் பெயரில் இருந்த முன்பகுதி. ஜான்சியின் உயிலைவிட அது நீளமாக வந்தது. அண்டாவுக்கு மட்டும் நாலு வரி. அதற்கும் சாட்சியாகத் தங்கராசுவே புதுக் கண்ணாடியோடு, நாக்கைத் துருத்திக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். சார்பதிவாளர் இரண்டு உயிலையும் பார்த்தார், மூன்று பேரையும் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்தினார். ஜான்சிக்குக் கால் தரையில் பாவவில்லை. மூட்டை ஒன்றை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. அப்படி ஒரு மூட்டையைச் சுமந்திருந்ததே அப்போதுதான் தெரிந்தது.

ஓட்டலில் மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் சாப்பிட்டார்கள். அப்பா இன்னும் கொஞ்சம் கொத்சு வேண்டும் என்று கேட்கத் தயங்கியதை அம்மா பார்த்துவிட்டு, சப்ளையரைக் கூப்பிட்டு, "இந்தாளுக்கு ஊத்துப்பா" என்றாள். பண்ருட்டி போகும் பஸ்ஸில் அப்பாவை ஏற்றிவிட்டார்கள். படிக்கிற கண்ணாடியைக் கழற்றாமலே ஏறினதால் படி தெரியாமல் தடுமாறினார். "கழட்டுய்யா அத!" என்று கத்தினாள் அம்மா. பஸ் போன பிறகு வெகு நேரம், "புது கண்ணாடி போட்டு வுழுந்து சாவப் போறான்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

லீவு முடிந்து ஜான்சி மஸ்கட்டுக்குத் திரும்பினாள். ஆஸ்பத்திரி ஃபாரத்தில் பெயர் எழுதிக் கொடுத்தாள். உயிலின் நகலைக் கட்டிலுக்கு மேல் அலமாரியில் வைத்தாள். கதையைக் கேட்ட அறைத் தோழிகள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ஒவ்வொருத்தியும் தனித்தனியாக வந்து, "எனக்கும் அப்பா இருக்கிறார். எனக்கு என்ன ஆகும்?" என்று கேட்டாள். ஒரு வருஷத்துக்குள் அந்த மாடியில் பதினோரு உயில்கள் எழுதப்பட்டன.

அம்மாவிடம்தான் எதிர்பாராத மாற்றம். கடைசியாக எழுதினதுதான் செல்லும், எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம் என்று சபாபதி போகிற போக்கில் சொன்னது அவள் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது. மாலதியோடு சண்டை வந்தால் அடுத்த பஸ்ஸில் சிதம்பரம் போய்விடுவாள். சார்லஸ் எதிர்த்துப் பேசினால் அவனுடைய கட்டில் பங்கு போய்விடும். சமாதானம் ஆனதும் மறுபடி ஒரு பஸ். சபாபதி ஆபீசில் அவளுக்கென்று ஒரு டம்ளரே இருந்தது. போகிற வழியில் கண்டக்டர்களுக்கு அவள் சாப்பாட்டுப் பையில் பங்கு உண்டு.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை ஜான்சி போன் செய்தபோது, அம்மா அப்போதுதான் சிதம்பரத்திலிருந்து வந்து இறங்கியிருந்தாள். மூச்சு வாங்கியது, குரலில் ஒரே குஷி.

"இது எத்தினாவது உயிலும்மா?"

"அஞ்சு."

"இந்த வாட்டி என்னா மாத்துன?"

"அத எதுக்கு உனக்குச் சொல்லணும்?" என்றாள் ஆரோக்கியம்மாள். "நான் செத்தப்பறம் பிரிச்சிப் படிச்சிக்கோ."